நாளின் கணுக்களில் ஒரு சொம்புத் தண்ணீர்: உடலையும் மனதையும் அன்றாடம் கழுவிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

கரும்பு நடவுக்குக் கரணை வெட்டுவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கத்தி கணுவில் படக்கூடாது. முளை கிளம்புவது கணுவில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு பருவிலிருந்துதான். இரண்டு கணுக்களுக்கு நடுவே தண்டு சாண் நீளம் இருந்தாலும் அதிலிருந்து எதுவும் முளைக்காது.

பாலக்கோட்டில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் பருவத்தில், டிராக்டர்களுக்குப் பின்னால் எங்கள் பஸ் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் இது எனக்குப் பிடிபட்டது. நாளுக்கும் கணுக்கள் உண்டு. தூங்கி எழும் நேரம், வாசற்படியைத் தாண்டும் நேரம், பஸ்ஸில் உட்காரும் நேரம், வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் நேரம், விளக்கை அணைக்கும் நேரம். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இந்த இடங்களில்தான் புதுப் பழக்கம் முளைவிடுகிறது.

நான் தருமபுரியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. பள்ளிக்குப் போகும் மகளும் எழுபதைத் தாண்டிய மாமியாரும் வீட்டில் இருக்கிறார்கள். உடம்புக்கும் மனதுக்கும் என்று தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் ஷிப்ட் மாறிய வாரத்தில் கலைந்தது. பிறகு ஒரு மணி நேரத்தைத் தேடுவதை விட்டுவிட்டுக் கணுக்களைப் பிடித்தேன். நான்கு வருடமாக நிற்கிறது.

முதல் படி: உங்கள் கணுக்களை எண்ணுங்கள்

ஒரு துண்டுத் தாளை மூன்று நாள் கையோடு வைத்திருங்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சொல் எழுதுங்கள்: 'எழுந்தேன்', 'அடுப்பு அணைத்தேன்', 'பஸ் ஏறினேன்', 'கடை பூட்டினேன்'. மணி எழுத வேண்டாம். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் விவசாய வேலை உள்ளவர்களுக்கும் மணி மாறும், வரிசை மாறாது. என் கணவருக்கு வீடு திரும்புவது சில வாரம் மதியம் மூன்றரை, சில வாரம் நள்ளிரவு, சில வாரம் காலை ஏழரை. ஆனால் செருப்பைக் கழற்றாமல் அவர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. அவருடைய உறுதியான கணு அதுதான்.

மூன்று நாள் தாளில் ஒரு நாளும் தவறாமல் வந்தவற்றை வட்டமிடுங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் முதல் மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தொடங்கினால் ஒன்றுகூட நிற்காது. எனக்கு அது நடந்திருக்கிறது.

இரண்டாம் படி: தண்ணீரைப் பிரித்து வையுங்கள்

வேறு மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் படி தேவைப்படாமல் இருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இதைத் தாண்டிப் போகக்கூடாது. நம் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் ஒன்றரை வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் காவிக் கறை விழும், பிறகு எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். அந்தக் கறையை எத்தனை தேய்த்தாலும் போகாது. பல் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே உள்ளே பதிவது அது. பல் துலக்காத பிள்ளைகள் என்று யாராவது நம் ஊர்ப் பிள்ளைகளைச் சொன்னால் எனக்கு மனம் கொதிக்கும்.

ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் ஜப்பான் நாட்டு நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது இதற்காகத்தான். ஆகவே வீட்டில் இரண்டு தண்ணீர் இருந்தால் இப்படிப் பிரியுங்கள்: குடிக்க, சமைக்க, வாய் கொப்பளிக்க ஒகேனக்கல் தண்ணீர். குளிக்க, கால் கழுவ, பாத்திரம் விளக்க போர் தண்ணீர். புளோரைடு தோல் வழியாக உடம்புக்குள் போவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு என்பதால் போர் தண்ணீரில் குளிக்கப் பயப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் அது இன்னும் கூடும். செப்புக் குடத்தில் இரவு முழுவதும் ஊற்றி வைத்தாலும் போகாது.

மூன்றாம் படி: காலையில் வாயும் முகமும்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுந்ததும் செல்பேசியைத் தொடுவதற்கு முன் வாய் கொப்பளித்து, முகத்திலும் பிடரியிலும் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். பல் துலக்க இரண்டு நிமிடம், நாக்கு வழிக்க இருபது நொடி. வேப்பங்குச்சி கிடைக்கிறவர்கள் நுனியை நன்றாக மென்று பூவாக்கிய பிறகே பல்லில் வையுங்கள். மெல்லாத குச்சி ஈறைக் கிழிக்கும். சிறு பிள்ளைகளுக்குப் பற்பசையைப் பட்டாணி அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள், விழுங்க விடாதீர்கள். நம் பகுதியில் எந்தப் பற்பசை நல்லது என்பதைப் பல் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வதும் நல்லது.

செல்பேசிக்கு முன் தண்ணீர் என்ற வரிசைதான் இந்தப் படியின் உயிர். இரவெல்லாம் வந்து குவிந்த செய்திகளை, விழித்த கண்ணோடு வாங்கி மனதுக்குள் போட்டுக்கொண்டு பிறகு முகம் கழுவினால் முகம் மட்டும்தான் சுத்தமாகும்.

நான்காம் படி: வாசற்படியில் கால் கழுவுதல்

ஒரே ஒரு பழக்கத்துக்குத்தான் இடமிருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். செலவு இல்லை, ஒரு லிட்டர் தண்ணீர் போதும், ஒன்றரை நிமிடம் ஆகும்.

எங்கள் வீட்டில் இது மாமியாரின் ஆட்சி. அந்தக் காலத்தில் கழனியிலிருந்து வருகிறவர்கள் சேற்றுக் காலோடு உள்ளே வரக்கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். இப்போது கழனி இல்லை, சிமெண்டு ரோடுதான், ஆனாலும் திண்ணைக்குப் பக்கத்தில் பித்தளைச் சொம்பு இருக்கும். கணவர் இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வந்து இறங்குவார். கண் சிவந்திருக்கும், தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், காதுக்குள் எந்திரச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும் என்பார். "காலைக் கழுவிக்கொண்டு வா கண்ணு" என்பார் அத்தை, அதைத் தவிர ஒன்றும் கேட்கமாட்டார். கணவர் கல்மேல் நின்று வலது காலில் தண்ணீர் விடுவார். முதலில் புறங்கால், பிறகு விரலிடுக்கு, பிறகு குதிகால். பூட்ஸுக்குள் பத்து மணி நேரம் கிடந்து வெளுத்துச் சுருங்கிய பாதத்தில் தண்ணீர் பட்டதும் அவர் மூச்சை நீளமாக விடுவதை நான் அடுப்படியிலிருந்தே கேட்பேன். அந்த மூச்சுக்கு முன் அவரிடம் எதையும் பேசுவதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். பள்ளிக் கட்டணமோ எரிவாயு சிலிண்டரோ எதுவானாலும் காத்திருக்கும். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி இதனால் குறைந்தன.

செய்முறை இதுதான். கதவுக்கு வெளியே, தண்ணீர் வடிந்து செடிக்குப் போகும் இடமாகப் பாருங்கள். கறிவேப்பிலைச் செடி பக்கத்தில் இருந்தால் மிகவும் நல்லது. ஒரு கரடுமுரடான கல் போடுங்கள், வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். சொம்பு, ஒரு பழைய பருத்தித் துண்டு, இரண்டும் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். கையை முதலில் சோப்புப் போட்டு இருபது நொடி தேயுங்கள், பிறகு கால். கழுவும்போது அன்று வெளியில் நடந்த ஒன்றை மனதில் எடுத்து, 'இது வாசலோடு நிற்கட்டும்' என்று உதடு அசையச் சொல்லுங்கள். மனதுக்குள் நினைப்பதைவிட உதட்டில் சொல்வது நன்றாக இறங்குகிறது. கடைசியில் விரலிடுக்குகளைத் துடையுங்கள். ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருந்தால் இந்த ஒன்றரை நிமிடம் அவர்களுக்குப் பெரிய காவல். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. தினமும் கண்ணால் பார்க்க வேண்டும், அடிப்பாதம் குனிந்து பார்க்க முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். வெந்நீர் அவர்களுக்குக் கூடாது, சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும்.

வாசலில் தண்ணீரைத் தொட்டியிலோ டிரம்மிலோ நிறைத்து வைக்கிறவர்கள் மூடி போடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒன்றரை வாரத்துக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு நிரப்புங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

ஐந்தாம் படி: பஸ்ஸில் பத்து மூச்சு

பாலக்கோட்டிலிருந்து தருமபுரி வரை எனக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். உட்கார இடம் கிடைக்கும் என்று எந்த நாளும் சொல்ல முடியாது, அதனால் நின்றுகொண்டு செய்யக்கூடியதாகவே இதை வைத்துக்கொண்டேன். டிக்கெட் வாங்கிப் பையில் வைத்ததும் தொடங்குவேன். மூக்கு வழியாக நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, பத்து மூச்சுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. கணக்கு வைக்க விரல் கணு போதும், பாட்டிமார் ஜெபம் எண்ணுவதைப் போல.

வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெல்லத் தணிகிறது. மூச்சும் துடிப்பும் ஒரே நரம்பு வழியாகக் கட்டப்பட்டிருப்பதால் அப்படி. மூச்சை உள்ளே அடக்கிப் பிடிக்கும் வகைகளை யாரும் சொல்லித்தராமல் செய்யாதீர்கள், குறிப்பாக ரத்தக் கொதிப்பும் இதயக் கோளாறும் உள்ளவர்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு செய்யுங்கள்.

ஆறாம் படி: வாரத்துக்கு ஒரு எண்ணெய்க் குளியல்

தினக் கணுக்களோடு வாரத்துக்கும் ஒரு கணு வேண்டும். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்பது வழக்கம். வெள்ளிக்கிழமை எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்ணால் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார முடியுமா? கிழமை பார்த்துப் பார்த்து நான் இரண்டு வருடம் எண்ணெயே வைக்கவில்லை. கடைசியில் அத்தைதான், "ஞாயிற்றுக்கிழமையாவது குளி, உடம்புக்கு என்ன கிழமை தெரியும்" என்றார். வழக்கத்தை அவ்வளவு மதிக்கும் ஒருவர் அப்படிச் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். கிழமை வாய்த்தால் நல்லது, வாய்க்காவிட்டால் கிடைத்த நாள் நல்ல நாள்.

ஒருவருக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் எடுங்கள். இரும்புக் கரண்டியில் ஊற்றி, நான்கு மிளகும் அரைக் கரண்டி சீரகமும் போட்டு, சிறு தீயில் மிளகு ஒன்றிரண்டு பொரியும் வரை காட்டுங்கள். புகைய விட்டுவிட்டால் அந்த எண்ணெய் வேண்டாம், புதிதாக எடுங்கள். விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறியதும் உச்சியில் முதலில் வையுங்கள். அங்கிருந்து விரல் நுனிகளால் பிடரிக்கு, காதுக்குப் பின்புறம், கழுத்து, தோள். கைகால்களில் நீளவாட்டிலும் மூட்டுகளில் வட்டமாகவும் தேய்க்க வேண்டும். தொப்புளைச் சுற்றி, கடைசியாக உள்ளங்கால். காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் எண்ணெய் விடாதீர்கள், கைக்குழந்தைக்கு ஒருநாளும் விடாதீர்கள்.

ஊற அரை மணி போதும். இந்த அரை மணியைத்தான் மனதுக்கு என்று நான் வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கையோடு செல்பேசியைத் தொட முடியாது, சமைக்க முடியாது, யாரும் வந்து எதையும் கொடுக்கவும் முடியாது. முற்றத்து வெயிலில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். வாரத்தில் வேறு எப்போதும் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்காமல் இருப்பதில்லை.

தேய்த்துக் குளிக்கச் சீயக்காய் நல்லது, அரப்பு இன்னும் நல்லது. உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்ததுதான் அரப்பு. காட்டோரமாக இருக்கிறவர்கள் தாங்களே பறித்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்வார்கள், வாரச்சந்தைகளிலும் கிடைக்கும். நல்ல அரப்பு பச்சை மாறாமல் இருக்கும். பழுப்பேறியது பழையது. சாதம் வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாக எடுத்து, அரப்பைக் கொட்டி இட்லி மாவுப் பதத்தில் குழையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தேயுங்கள், பட்டால் நன்றாகக் காந்தும். இரண்டு வாளி இளவெந்நீர் போதும். எண்ணெயும் அரப்பும் சேர்ந்த தரை வழுக்கும், பெரியவர்களைத் தனியாக விடாதீர்கள், குளித்து முடித்ததும் தரையை அதே அரப்பால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். காய்ச்சல், சளி இருக்கும் வாரம் வேண்டாம். அன்று மிளகு ரசமும் சூடான சாதமும் சாப்பிட்டு, தயிரையும் பகல் தூக்கத்தையும் தள்ளிவைப்பது பெரியவர்கள் சொன்னது, நாங்கள் அதைக் கடைப்பிடிக்கிறோம்.

ஏழாம் படி: புளியும் சொம்பும்

நம் மாவட்டங்களில் புளி தட்டாத தெரு உண்டா? மாசி பங்குனியில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் ஓடும் கொட்டையும் நாரும் குவிந்து கிடக்கும். கொட்டை எடுத்த பிறகு மிஞ்சும் கோதுப்புளியை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை, மனம் மிகவும் கலங்கியிருக்கும் நாளாகப் பார்த்து, வாசலில் இருக்கும் பித்தளைச் சொம்பையும் செப்புக் குடத்தையும் எடுங்கள். கைப்பிடிப் புளியை நனைத்துக் கொஞ்சம் கல்லுப்புச் சேர்த்து, அடியிலிருந்து கழுத்து வரை வட்டம் வட்டமாகத் தேயுங்கள். புளியின் அமிலம் கறுப்பைக் கரைக்கும். முதல் வட்டத்தில் தண்ணீர் பச்சையும் கறுப்புமாக ஓடும், மூன்றாவது வட்டத்தில் சொம்பின் தோள்பட்டையில் ஒரு கோடு பொன்மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். அந்தக் கோடு முழுச் சொம்பாகப் பரவும் வரை கையை எடுக்காதீர்கள். நன்றாக அலசி, துணியால் உடனே துடைத்துவிடுங்கள், ஈரம் நின்றால் புள்ளி விழும்.

கண்ணை மூடி உட்கார்ந்தால் எண்ணம் அலையும் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. என் அப்பா இறந்த பிறகு பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, எல்லாரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு, வீட்டிலிருந்த அத்தனை பித்தளையையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய் விளக்கினேன். பதினாறு நாளாக வராத அழுகை அங்கேதான் வந்தது.

எட்டாம் படி: விளக்கணைக்கும் முன் மூன்று வரி

மகள் பாதியில் விட்ட பள்ளி நோட்டு ஒன்றைத் தலைமாட்டில் வையுங்கள். படுக்கும் முன் மூன்றே வரி: நாளை செய்ய வேண்டியவை, இன்று மனதில் தைத்தது, யாரிடம் எதைச் சொல்ல வேண்டும். 2018இல் அமெரிக்காவில் 57 இளைஞர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளைப் பட்டியலிட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம். எனவே 'வங்கி வேலை' என்று எழுதாதீர்கள், 'நகைக் கடன் வட்டி கட்ட வேண்டும், பாஸ்புக் பீரோவில்' என்று எழுதுங்கள்.

இரண்டாவது வரியை மறைக்காமல் எழுதுங்கள், பிறர் படிப்பார்களோ என்ற பயம் இருந்தால் எழுதிக் கிழித்துவிடுங்கள். ஒரே வரி இரண்டு வாரத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தாலோ, தூக்கமும் பசியும் போனாலோ, அது கழுவிப் போகும் அழுக்கு இல்லை, காட்ட வேண்டிய புண். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

ஒன்பதாம் படி: வருடத்துக்கு ஒரு தீர்த்தம்

அரூரை அடுத்த தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் முதலில் தென்பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தத்தில் குளித்துவிட்டு மலையேறுவது வழக்கம். மேலே பாறை முகட்டிலிருந்து விழும் ராமர் தீர்த்தம் கோடையில் மெல்லிய நூலாக இருக்கும். தலை அந்த நூலுக்கு நேராக வரும்படி நகர்ந்து நகர்ந்து நின்று பிடிக்க வேண்டும். அப்படி நிற்கும்போது வேறு எதையும் நினைக்க முடிவதில்லை. மலைக்கு விடியற்காலையில் ஏறிவிடுங்கள், பாறைச் சூடு ஏறிய பிறகு முடியாது.

ஒகேனக்கல் என்றால் ஆற்றோரத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூலியை முன்னரே பேசிக்கொண்டு உட்காருங்கள். நீர்வரத்து கூடும்போது குளிக்கத் தடை போடுவார்கள், அந்தத் தடையை மீறிப் பாறைக்குப் போனவர்கள் திரும்பாத கதைகள் எங்கள் ஊரிலேயே உண்டு. ஷாம்பு பாக்கெட்டையும் பழைய துணியையும் ஆற்றில் விடாதீர்கள். நாம் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் குழாயில் வருகிறது.

விட்டுப்போன நாட்களுக்கு

லண்டனில் 96 பேரின் பழக்கங்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், ஒரு செயல் தானாகவே நடக்கும் அளவுக்குப் படிய நடுக்கணக்கில் 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்றும் கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு எதுவும் வரவில்லை. ஆகவே காய்ச்சலோ கல்யாண வீடோ வந்து நான்கு நாள் விட்டுப்போனால், விட்ட நாட்களுக்கு ஈடுசெய்ய முயலாதீர்கள். அடுத்த முறை வாசற்படிக்கு வரும்போது சொம்பு அங்கே நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலியாக இருந்தால் நிரப்பி வையுங்கள். வீட்டுக்கு அடுத்து யார் வருவார்களோ, அவர்களுக்கு அது இருக்கட்டும்.